ஜெர்மனியில் பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படிப்புக்கும் வேலைக்குமாக ஜெர்மனிக்கு வரும் தமிழ் இளைஞர்களைப் பற்றித் தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. விசா, பிளாக்டு அக்கவுன்ட், வாடகை வீடு என்று எல்லாவற்றுக்கும் வழி சொல்கிறார்கள். வந்து சில மாதம் ஆனதும் பலரும் கேட்கிற ஒரு கேள்விக்கு மட்டும் தமிழில் பதில் கிடைப்பது அரிதாக இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் கார் ஒன்று வாங்க வேண்டும், எங்கே தொடங்குவது? ஸ்டுட்கார்ட் பகுதியில் கார்த் தொழிலில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கடிதம் நீளம்தான். வெட்டாமல் வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

நம் ஊரில் பழைய வண்டி வாங்கும் வரிசை எல்லோருக்கும் தெரியும். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியைப் பார்ப்போம். பேரம் பேசி அட்வான்ஸ் கொடுப்போம். ஆர்.சி. புக், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் புரோக்கரோ கன்சல்டன்சிக்காரரோ பார்த்துக்கொள்வார். இதே வரிசையில் இங்கே இறங்கினால், காசு கொடுத்து வாங்கிய வண்டி வீட்டு வாசலுக்கு வந்து சேருவதே சந்தேகம். ஜெர்மனியில் முதலில் லைசென்ஸ், அடுத்து இன்சூரன்ஸ், அதற்கடுத்து வண்டியின் காகிதம், பிறகுதான் வண்டி, கடைசியில் பணம். தலைகீழாகச் செய்தவர்களுக்குத்தான் கை சுடுகிறது.

இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே ஓட்டலாம். ஆனால் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்வரைதான். மொத்தமாகவே ஓராண்டுக்குமேல் தங்கப்போவதில்லை என்று காட்ட முடிந்தவர்களுக்கு இன்னும் ஆறு மாதம் வரை நீட்டித்துத் தர வழி உண்டு. இந்த ஆறு மாதத்தை எண்ணுவதில்தான் ஆளுக்கொரு கணக்குப் போடுகிறார்கள். கார் வாங்கிய நாளிலிருந்து, விசா புதுப்பித்த நாளிலிருந்து, ஊருக்குப் போய்த் திரும்பிய நாளிலிருந்து என்று எதை வைத்து எண்ணினாலும் செல்லாது. ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவரும் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டில் ஓராண்டு என்று போட்டிருப்பதைப் பார்த்து ஓராண்டு ஓட்டலாம் என்று நம்புகிறவர்களும் உண்டு. அது நம் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரி. ஆறு மாதத்தை அது ஒரு நாள்கூட நீட்டிக்காது.

கெடு முடிந்தபின் ஓட்டுவது இங்கே ஃபைன் கட்டிவிட்டு வருகிற சமாசாரம் அல்ல, கிரிமினல் குற்றம். ஓராண்டுவரை சிறைக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. லைசென்ஸ் செல்லாது என்று தெரிந்தும் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் அதே பிரிவுதான். அறைத்தோழனிடம் சாவியைத் தூக்கிக் கொடுக்கும் முன் அவன் எந்த மாதம் வந்தான் என்று கேட்டுக்கொள்வது நல்லது. வேடிக்கை என்னவென்றால், கார் வாங்கவும் தன் பெயரில் பதிவு செய்யவும் லைசென்ஸே தேவையில்லை. அதனால்தான் ஏழாவது மாதத்தில் ஒருவர் கார் வாங்கும்போது யாரும் தடுப்பதில்லை.

சிங்கப்பூர் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தேர்வு இல்லாமலே ஜெர்மன் லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாம். இந்திய, இலங்கை லைசென்ஸுகளுக்கு அந்தச் சலுகை இல்லை. எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. கண் பரிசோதனைச் சான்று, ஒரு நாள் முதலுதவிப் பயிற்சிச் சான்று, லைசென்ஸின் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு, பயோமெட்ரிக் படம் ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். முன்பே லைசென்ஸ் வைத்திருப்பதால் கட்டாயப் பயிற்சி மணிநேரம் கிடையாது. ஆனாலும் தேர்வுக்கு ஒரு டிரைவிங் ஸ்கூலின் காரும் ஆசிரியரும் வேண்டும். பத்து வருடம் சென்னையில் ஓட்டிய கையோடு நேரே தேர்வுக்குப் போகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட மறப்பது ஒன்று. திரும்பும்போதும் லேன் மாறும்போதும் கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டுத் தோளுக்குமேல் தலையைத் திருப்பிப் பார்க்காமல் விடுவது இரண்டாவது. வலப்பக்கம் திரும்பும்போது நேரே போகிற சைக்கிளைக் கவனிக்காதது மூன்றாவது. இந்த மூன்றுக்காகவாவது சில பாடங்கள் எடுத்தாக வேண்டும். விண்ணப்பித்துத் தேர்வு தேதி கிடைக்கவே மாதங்கள் ஆகும் என்பதால், வந்த இரண்டாவது மாதத்திலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். கார் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அடுத்தது இன்சூரன்ஸ். மூவாயிரம் யூரோவுக்கு வண்டி வாங்கியவருக்கு முதல் வருட பிரீமியம் ஆயிரம் யூரோவைத் தாண்டினால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. காரணம், விபத்தில்லாமல் ஓட்டிய ஆண்டுகளை வைத்து எஸ்எஃப் கிளாஸ் என்று ஒரு படிநிலை போடுகிறார்கள். புதிதாக வருகிறவர் பூஜ்யத்தில் தொடங்குகிறார். லைசென்ஸ் வாங்கி மூன்று ஆண்டு ஆகியிருந்தால் அரைப் படி மேலே போகலாம். அந்த மூன்று ஆண்டுக்கு இந்திய லைசென்ஸின் தேதியைச் சில நிறுவனங்கள் ஏற்கும், சில ஏற்பதில்லை. கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். ஊரில் சேர்த்த நோ கிளெய்ம் போனஸை இங்கே பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. இருந்தாலும் இந்திய இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்திருப்பதில் நஷ்டமில்லை. கணவன் மனைவியில் ஒருவர் பெயரில் ஏற்கெனவே கார் இருந்தால், இரண்டாவது காரை அதே நிறுவனத்தில் இரண்டாம் வண்டியாகப் போடும்போது படி நன்றாகவே உயரும்.

ஒவ்வொரு மாடலுக்கும் அதன் விபத்துச் சரித்திரத்தை வைத்து மூன்றாம் நபர் இன்சூரன்ஸுக்கு 10 முதல் 25 வரை ஒரு வகுப்பு எண் உண்டு. குடியிருக்கும் ஊருக்கு இன்னொன்று. ஆகவே வண்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டு இன்சூரன்ஸ் விலை கேட்பது தப்பு. பிடித்த நாலைந்து மாடலுக்கும் விலை கேட்டுவிட்டு அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி. பதிவுச் சான்றில் எச்எஸ்என் என்று நான்கு இலக்க எண்ணும், டிஎஸ்என் என்று அதைத் தொடரும் மூன்று எழுத்துக் குறியும் இருக்கும். விற்பவரிடம் அந்த இரண்டையும் கேட்டு வாங்கி ஒப்பீட்டுத் தளங்களில் போட்டால் தொகை வந்துவிடும். சல்லிசாகக் கிடைக்கிறது என்று நம் பையன்கள் ஆசைப்படும் பழைய பெரிய எஞ்சின் சொகுசு கார்கள் இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போகும். போகட்டும், நல்லதுதான்.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். திருட்டு, ஆலங்கட்டி, கண்ணாடி உடைவது, மான் குறுக்கே பாய்வது ஆகியவற்றுக்குப் பகுதிக் காப்பு. தன் தவறால் தன் வண்டிக்கு வரும் சேதத்துக்கு முழுக் காப்பு. பழைய வண்டிக்கு முழுக் காப்பு வீண் செலவு, பகுதிக் காப்பு போதும். தெற்கு ஜெர்மனியில் கோடையில் விழும் ஆலங்கட்டி பானெட்டைப் பணியாரக் கல்லாக்கிவிடும் என்பதால் பகுதிக் காப்பை மட்டும் விட வேண்டாம். நிறுவனத்தை முடிவு செய்ததும் ஈவிபி என்று ஏழு எழுத்து இலக்கக் குறி ஒன்று ஈமெயிலில் வரும். அது இல்லாமல் பதிவு நடக்காது. பாலிசி கைக்கு வரும்வரை அந்தக் குறி பொதுவாக மூன்றாம் நபர் காப்பை மட்டுமே தரும். முதல் நாளிலிருந்தே பகுதிக் காப்பும் வேண்டுமென்றால் தனியாக உறுதி கேட்க வேண்டும்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் பெயர். இனிஷியல், அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் வந்து உட்கார்ந்த ஏதோ ஒன்று என்று ஒரே ஆளுக்கு மூன்று வடிவம் இருக்கும். பாஸ்போர்ட், முகவரிப் பதிவுச் சான்று, இன்சூரன்ஸ் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். முன்பெயரும் பின்பெயரும் இடம் மாறியிருந்தாலே கவுன்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது காகிதம். இந்தியாவில் ஆர்.சி. ஒன்றுதான். இங்கே இரண்டு பாகம். முதல் பாகம், எல்லோரும் ஃபார்சாய்க்ஷைன் என்று சொல்வது, வண்டியோடு இருப்பது. இரண்டாம் பாகம், ஃபார்சாய்க்பிரீஃப், வீட்டில் பத்திரமாக வைப்பது. இரண்டாம் பாகத்தைக் காருக்குள் வைத்து ஓட்டவே கூடாது. திருடனுக்கு வண்டியோடு உரிமையையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். விற்பவர் இரண்டாம் பாகத்தைக் காட்டவில்லை என்றால், அல்லது பிறகு தபாலில் அனுப்புகிறேன் என்றால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கடன் பாக்கி இருக்கும் வண்டியின் இரண்டாம் பாகம் பெரும்பாலும் வங்கியிடம் இருக்கும்.

இரண்டாம் பாகத்தில் பதிந்திருக்கும் பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெயர் வேறாக இருந்தால் எழுத்துமூலமான அதிகாரக் கடிதம் வேண்டும். இரண்டாம் பாகத்தில் பெயர் இருப்பதே உரிமைக்கு முழு ஆதாரம் அல்ல என்று அந்தக் காகிதத்திலேயே அச்சடித்திருக்கிறது. ஆகவே விற்பவர் எப்படி உரிமையாளர் ஆனார் என்பதற்கு அவர் வாங்கிய ஒப்பந்தத்தையும் கேட்பது தப்பில்லை. முன் உரிமையாளர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் இரண்டாம் பாகத்தில் இருக்கும். இரண்டு பெயருக்குத்தான் இடம் என்பதால், இரண்டே பெயரைப் பார்த்துவிட்டு இரண்டே கை மாறியது என்று முடிவு செய்யக்கூடாது. எண்ணிக்கை எழுதிய கட்டத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். 17 இலக்க சேசிஸ் நம்பர் இரண்டு பாகத்திலும் வண்டியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வண்டியில் அதை முன் கண்ணாடிக்குக் கீழேயும் பாடியில் குத்தியிருக்கும் இடத்திலும் பார்க்கலாம்.

அடுத்த காகிதம் எச்யூ, பேச்சுவழக்கில் டூஃப். பொதுவாக இரண்டாண்டுக்கு ஒரு முறை நடக்கும் கட்டாயத் தகுதிச் சோதனை. பின் நம்பர் பிளேட்டில் இருக்கும் வட்ட ஸ்டிக்கரின் நடுவில் ஆண்டு, மேலே உச்சியில் நிற்கும் எண் மாதம். விளம்பரத்தில் டூஃப் புதிது என்று போட்டிருந்தால் நம்மவர்கள் வண்டியே புதிது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சோதனை பிரேக், விளக்கு, ஸ்டியரிங், தாங்கும் பாகங்களின் துரு, புகை ஆகியவற்றைப் பார்க்கும். கிளட்ச் எப்போது போகும், டைமிங் பெல்ட் எத்தனை வருடம் பழசு, கியர்பாக்ஸ் உதைக்கிறதா என்பதெல்லாம் அதன் வேலை அல்ல. ஸ்டிக்கரைவிட அறிக்கைதான் உபயோகம். பழைய அறிக்கைகள் ஒவ்வொன்றிலும் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருக்கும். மீட்டரைத் திருப்பி வைப்பது 2005 முதல் இங்கே குற்றம். ஆனாலும் நின்றபாடில்லை. நாலு அறிக்கையை வரிசையாக வைத்தால் எண் இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அறிக்கை எதுவும் இல்லை, சர்வீஸ் புத்தகம் தொலைந்துவிட்டது, ஆனால் 90,000 கிலோமீட்டர்தான் என்று சொல்கிற வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மேலே கேட்க ஒன்றுமில்லை.

இவ்வளவுக்குப் பிறகுதான் வண்டி. மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார். இங்கே பார்க்க வேண்டிய இடம் அடிவயிறு. பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பு வண்டியின் அடிப்பக்கத்தைத் துருப்பிடிக்க வைக்கும். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் பெயின்டையும் சீட்டையும் பார்த்துத் திருப்தியாகிவிடுவார்கள். கடலோரத்தில் வண்டி வைத்திருந்தவர்களுக்குத் துருவின் அருமை தெரியும். கதவுக்குக் கீழே ஓடும் பாடியின் ஓரம், ஜாக்கி போடும் நாலு இடம், பின் சக்கரத்தின் வளைவு, பிரேக் குழாய் ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்தில் மட்டும் புதிதாகக் கறுப்பு பூசியிருந்தால் பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய், பானெட்டில் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் எஞ்சினின் ஹெட் கேஸ்கட் என்ற அடைப்புத் தகட்டைச் சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரிப் படிந்திருப்பதைப் பார்த்து உடனே பயந்துவிடவும் வேண்டாம். குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அது வருவதுதான். கூலன்ட் டாங்கில் எண்ணெய்ப் படலம் இருந்தால் மட்டும் ஓடிவிடலாம்.

டைமிங் பெல்ட் மாற்றியாயிற்று என்று வாயால் சொல்வது கணக்கில்லை. பில் வேண்டும். கிலோமீட்டர் வரவில்லை என்றாலும் வருடம் ஆகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். ஒர்க்‌ஷாப் கூலி கம்பெனி சர்வீஸில் மணிக்கு 100 யூரோவைத் தாண்டும் நாடு இது. தண்ணீர் பம்போடு பெல்ட் மாற்றினால் பல மாடல்களில் ஆயிரம் யூரோவை நெருங்கும். வாங்கிவிட்டு நம் மெக்கானிக்கிடம் விட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்ற ஊர்க் கணக்கு செல்லாமல் போவது இங்கேதான். பெல்ட் இல்லை, செயின்தான் என்றாலும் நிம்மதியில்லை. 2007ஐ ஒட்டி வந்த பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினில் செயின் எஞ்சினுக்குப் பின்பக்கம் கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. அது தளர்ந்தால் எஞ்சினையே இறக்க வேண்டிவரும். பெஜோ, சித்ரோவன் கார்களின் 1.2 பியூர்டெக் பெட்ரோல் எஞ்சினில் பெல்ட் எண்ணெயிலேயே ஓடுகிறது. அது உதிர்ந்து துகள் எண்ணெய் வடிகட்டியை அடைக்கும் பழுது பரவலாக அறியப்பட்டது. 2024இல் கம்பெனியே அதற்குப் பத்தாண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர்வரை உத்தரவாதத்தை நீட்டித்தது. சர்வீஸ் ஒழுங்காக நடந்திருந்தால்தான் அந்த உத்தரவாதம் கிடைக்கும் என்பதால் மறுபடியும் காகிதத்துக்குத்தான் வருகிறோம்.

டயர் எட்டு. ஆம், எட்டுதான். கோடைக்கு நாலு, பனிக்காலத்துக்கு நாலு. பனியோ ஐஸோ உள்ள ரோட்டில் பனிக்கால டயர் இல்லாமல் ஓட்டினால் 60 யூரோ ஃபைனும் லைசென்ஸ் கணக்கில் ஒரு குற்றப் புள்ளியும். 2024 அக்டோபர் முதல் மலையும் பனித்திவலையும் பொறித்த டயர் மட்டுமே செல்லும். எம் பிளஸ் எஸ் என்று மட்டும் எழுதிய பழைய டயர்கள் செல்லாது. விளம்பரத்தில் எட்டு டயர் என்றிருந்தால் இரண்டாவது செட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 2315 என்று இருந்தால் 2015இன் 23ஆம் வாரம். அந்த டயரை இலவசமாகக் கொடுத்தாலும் குப்பைதான்.

நூற்றைம்பது யூரோ அளவில் டெக்ரா, டூஃப் என்ற சோதனை நிறுவனங்களிலோ ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கத்திலோ வாங்கும் முன் சோதனை செய்து தருவார்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே சோதனை முடிவு.

டீசல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஸ்டுட்கார்ட் நகரில் 2019 ஜனவரி முதல் யூரோ 4 என்ற மாசுத் தரத்திலும் அதற்குக் கீழும் உள்ள டீசல் வண்டிகளுக்குத் தடை வந்தது. முன் கண்ணாடியில் பச்சைச் சுற்றுச்சூழல் ஸ்டிக்கர் இருக்கிறதே என்று கேட்பார்கள். யூரோ 4 டீசலுக்கும் அதே பச்சைதான் கொடுத்தார்கள். ஸ்டிக்கரை நம்பாமல் பதிவுச் சான்றில் 14 என்ற கட்டத்தில் உள்ள மாசு வகுப்பைப் படித்துவிட்டு, குடியிருக்கும் நகரத்தின் இன்றைய விதியோடு ஒப்பிட வேண்டும். சாலை வரியிலும் டீசலுக்கு அடி. 100 சிசிக்குப் பெட்ரோலுக்கு 2 யூரோ, டீசலுக்கு 9.50 யூரோ. 2014 முதல் 2020 வரை முதல் பதிவான வண்டிக்கு 95 கிராமுக்குமேல் ஒவ்வொரு கிராம் கரியமில வாயுவுக்கும் இன்னும் 2 யூரோ. 1,395 சிசி, 120 கிராம் உள்ள பெட்ரோல் காருக்கு 28ம் 50ம் சேர்த்து ஆண்டுக்கு 78 யூரோ. 1,968 சிசி, 119 கிராம் டீசலுக்கு 190ம் 48ம் சேர்த்து 238 யூரோ. கடைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் மட்டும் ஓடுகிற டீசலில் புகைவடிகட்டி அடைத்துக்கொள்ளும் செலவு தனி. ஆண்டுக்கு இருபதாயிரம் கிலோமீட்டருக்குமேல் நெடுஞ்சாலையில் ஓடாதவர்களுக்கு டீசல் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

டீலரா, தனிநபரா? தனிநபர் விற்கும்போது குறைபாட்டுக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. எழுதிவிட்டால், தெரிந்தே மறைத்ததை நிரூபித்தால் ஒழிய எதுவும் கேட்க முடியாது. டீலருக்கு அப்படித் தப்பிக்கும் வழி கிடையாது. பொறுப்பை இரண்டாண்டிலிருந்து ஓராண்டாகக் குறைக்கலாம், அதையும் தனியாகச் சொல்லி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். 2022 முதல், வாங்கிய ஓராண்டுக்குள் பழுது தெரிந்தால் அது விற்கும்போதே இருந்ததாகக் கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது டீலர் வேலை. வழக்கமான தேய்மானம் மட்டும் இதில் சேராது. அதனால்தான் ஐந்நூறு யூரோ கூடுதலானாலும் மொழி தெரியாத புதியவருக்கு டீலர் நல்லது என்கிறோம்.

டீலர்களும் இதிலிருந்து நழுவ வழி வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் சார்பாக விற்கப்படுகிறது என்று ஜெர்மனில் ஒரு சின்ன வரி இருக்கும். அப்போது விற்பவர் டீலர் அல்ல, யாரோ ஒரு தனிநபர். ஆண்டுப் பொறுப்பு போயிற்று. வியாபாரிகளுக்கு மட்டும், ஏற்றுமதிக்கு மட்டும், பட்டறைக்காரர்களுக்கான வண்டி என்ற சொற்களும் இதே ரகம். விபத்தில்லாதது என்று எழுதுவதும் முன் உரிமையாளர் சொன்னபடி விபத்தில்லாதது என்று எழுதுவதும் ஒன்றல்ல. முதலாவதில் விற்பவர் மாட்டிக்கொள்வார். இரண்டாவதில் தான் கேட்டதைச் சொன்னேன் என்று தப்பித்துக்கொள்வார். கிலோமீட்டருக்கும் இதே கதைதான். ஜெர்மன் படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப்போவது மெக்கானிக்கை அழைத்துப்போவதைவிட முக்கியம். தனிநபரிடம் வாங்கும்போது ஏடிஏசியின் இலவச ஒப்பந்தப் படிவத்தைப் பயன்படுத்தலாம். அதில் ஒப்படைத்த தேதியோடு மணி நிமிடத்தையும் எழுத வேண்டும். அன்று காலை விற்பவர் வாங்கிய ஸ்பீடு கேமரா ஃபைன் மாலையில் வாங்கியவர் தலையில் விழாமல் இருக்க அதுதான் சாட்சி.

பணம் கடைசியில். கார் வெளிநாட்டில் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன், முன்பணம் போடு என்று வரும் விளம்பரம் எந்தத் தளத்தில் வந்தாலும் மோசடி. சந்தை விலையைவிடப் பாதிக்குக் கிடைக்கும் வண்டியும் அப்படியே. வண்டி, எல்லாச் சாவிகள், இரண்டு பாகம், எச்யூ அறிக்கை எல்லாம் கைக்கு வரும் நிமிடத்தில்தான் பணம் மாற வேண்டும். பெரும் தொகையை ரொக்கமாகப் பையில் சுமக்கும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. 2025 அக்டோபரிலிருந்து யூரோ நாடுகளின் வங்கிகள் உடனடிப் பரிமாற்றத்தைக் கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும் என்று ஆகிவிட்டதால் அது தேவையில்லை. பெறுபவரின் பெயரையும் வங்கியே சரிபார்த்துச் சொல்லும். தினசரி வரம்பை மட்டும் முந்தின நாளே உயர்த்தி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வரம்போடு மல்லுக்கட்ட முடியாது.

பதிவு அலுவலகத்துக்குப் பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் பெர்மிட், முகவரிப் பதிவுச் சான்று, இரண்டு பாகம், எச்யூ அறிக்கை, ஈவிபி, சாலை வரியை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள ஒப்புதல் படிவம் ஆகியவை வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் இங்கத்திய முகவரி இல்லாததால் முகவரிச் சான்றை மறந்துவிட்டுப் போய்த் திரும்புகிறவர்கள் தினமும் உண்டு. பல ஊர்களில் அப்பாயிண்ட்மென்ட் கிடைக்க நாளாகும். வண்டியை முடிவு செய்யும் முன்பே ஒரு தேதியைப் பிடித்து வைக்கலாம். கட்டணமும் நம்பர் பிளேட்டும் சேர்த்து நூறு யூரோவுக்குள் முடியும். ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டையின் ஆன்லைன் அடையாள வசதியையும் அதன் ரகசிய எண்ணையும் செயல்படுத்தி வைத்திருப்பவர்கள் 2023 செப்டம்பர் முதல் வீட்டிலிருந்தே பதிவு செய்து, அச்செடுத்த ஆணையோடு பத்து நாள்வரை உடனே ஓட்டலாம். விற்பவர் வண்டியின் பதிவை முன்பே ரத்து செய்திருந்தால், வேறு ஊரிலிருந்து ஓட்டிவர ஐந்து நாள் செல்லும் தற்காலிக நம்பர் வேண்டும். அதற்கும் தனி ஈவிபி, செல்லுபடியாகும் எச்யூ இரண்டும் தேவை.

ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இடப்பக்க ஸ்டியரிங் உள்ள பழைய காரை இந்தியாவில் இறக்குமதி செய்ய முடியாது. கொண்டுபோகும் யோசனையை விட்டுவிடலாம். நண்பன் ஓட்டிக்கொள்ளட்டும் என்று வண்டியைத் தன் பெயரிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். வரி, இன்சூரன்ஸ், பார்க்கிங் ஃபைன் எல்லாம் அவர்கள் பெயருக்கே வந்துகொண்டிருக்கும். விற்க வேண்டும், அல்லது பதிவை ரத்து செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். ரத்து செய்தால் மிச்ச மாதங்களின் சாலை வரியைச் சுங்கத் துறை தானாகவே வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்பும். இன்சூரன்ஸும் மிச்சத்தைத் தரும். அந்தப் பணம் வந்து சேரும்வரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்டுட்கார்ட் பகுதி வாசகர்கள் சிலர்,
ஜெர்மனி